சுவரின் கீழ் இரண்டடி

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த பிறகு, திருவையாற்றுப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில், பழைய ஓட்டு வீடு ஒன்றின் வடக்குச் சுவரைக் குனிந்து பாருங்கள். தரையை ஒட்டிக் கணுக்கால் உயரத்துக்குச் சேறு அப்பியிருக்கும். அதற்கு மேல் முழங்கால் வரைக்கும் மண் புள்ளிகள். கீழே நெருக்கமாக, மேலே போகப் போகக் கலைந்து. புள்ளிகளுக்கு நடுவே பாசி பிடித்துப் பச்சையும் கருப்புமாக ஒரு பட்டை. அதையும் தாண்டித் தொடை உயரத்தில் பூச்சு உப்பிக்கொண்டிருக்கும். விரலை மடக்கித் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரியும். பூச்சு விழுந்த இடத்தில் செங்கல்லின் முகம் மாவாக உதிரும், ஓரங்களில் மெல்லிய வெள்ளை உப்பு பூத்திருக்கும். அதற்கு மேலே சுவருக்கு ஒரு குறையும் இருக்காது. இரண்டு தலைமுறைக்கு முந்தைய சுண்ணாம்புப் பூச்சுகூட மேல்பக்கம் அசையாமல் நிற்கும்.

மழைக்காலம் நெருங்கினால் நாம் அண்ணாந்துதான் பார்க்கிறோம். ஓடு மாற்றுகிறோம், மொட்டை மாடியில் வெடிப்பு அடைக்கிறோம், கீற்று வேய்கிறோம். வீட்டுக்குள் ஒழுகுகிறதா என்பது மட்டும்தான் நமக்குக் கேள்வி. ஆனால் காவிரிப் படுகையில் வீடுகள் பெரும்பாலும் காலடியிலிருந்துதான் கெடுகின்றன. சுவரின் கீழ் இரண்டடியையும், அதைவிட முக்கியமாக, அந்தச் சுவருக்கு முன்னால் கிடக்கும் இரண்டடித் தரையையும் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம். சுவரில் எதைப் பூசுவது என்று யோசிப்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்த பிறகு எங்கே போகிறது என்று யோசித்துவிட்டால் பாதி வீடுகள் பிழைத்துக்கொள்ளும்.

வானத்திலிருந்து நேராக விழும் துளியும், கூரை இறவாணத்திலிருந்து சொட்டும் துளியும் ஒன்றல்ல. சாதாரண மழைத்துளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. கூரை விளிம்பில் தண்ணீர் சேர்ந்து, தொங்கி, தன் எடை தாங்காமல் அறுந்து விழும் துளியோ ஐந்து மில்லிமீட்டர் வரை பெருத்துவிடும். விட்டம் இரண்டரை மடங்கு என்றால் எடை பதினைந்து மடங்குக்கு மேல். இந்தத் துளி மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம், காற்றின் தடையையும் கழித்த பிறகு, விநாடிக்கு ஆறரை மீட்டர் அளவுக்கு இருக்கும். ஆறு மீட்டர் உயரமுள்ள மாடி விளிம்பிலிருந்து விழுந்தால் ஏறத்தாழ எட்டு மீட்டர். பழைய கீற்றுக் குடிசையின் இறவாணம் ஆள் குனிந்து நுழையும்படி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழும் துளிக்கு ஐந்து மீட்டர் வேகம்தான். வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது இயக்க ஆற்றல். குடிசைத் துளியைவிட மாடித் துளி தரையில் அடிக்கும் அடி இரண்டரை மடங்கு பெரியது.

அளவையும் பார்க்க வேண்டும். நான்கு மீட்டர் அகலமுள்ள ஒரு கூரைச் சரிவில் 50 மி.மீ. மழை பெய்தால், இறவாணத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 200 லிட்டர் தண்ணீர் கீழே விழும். தஞ்சாவூருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,000 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. நாகப்பட்டினம் பக்கம் போனால் மழையும் கூடுதல், அந்த மூன்று மாதத்தின் பங்கும் கூடுதல். அதுவும் சீராகப் பிரிந்து பெய்வதில்லை. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் ஒரே இரவில் 100 மி.மீ. கொட்டுவது டெல்டாவுக்குப் புதிதல்ல. அந்த ஓர் இரவில் சுவரின் காலடியில், ஒரே கோட்டில், மீட்டருக்கு 400 லிட்டர் விழுகிறது. இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாய்க்குக் கீழே இதைப் போலப் பல மடங்கு. மழை விட்டும் தூவானம் விடாத நேரங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

துளி தரையில் மோதியதும் என்ன ஆகிறது என்பதை முதன்முதலில் பொறுமையாகப் படம் பிடித்துக் காட்டியவர்களில் ஒருவர் இங்கிலாந்து இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டன். மின்பொறியின் கணநேர வெளிச்சத்தில் அவர் எடுத்த படங்கள் 1908இல் நூலாக வந்தன. விழுந்த துளி தட்டையாக விரிந்து, ஓரம் கிரீடமாக எழும்பி, கிரீடத்தின் முனைகளிலிருந்து சிறு துளிகள் பிய்த்துக்கொண்டு பறப்பதை அந்தப் படங்களில் பார்க்கலாம். விழுந்த இடம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து இந்தக் கிரீடம் மாறும். மெல்லிய நீர்ப்படலம் நிற்கும் கெட்டியான சிமென்ட் தரையில் தெறிப்பு மிக அதிகம். கூழாங்கல், ஜல்லி போன்ற கரடுமுரடான பரப்பில் துளி உடைந்து கற்களின் இடுக்குக்குள் இறங்கிவிடும். மேலே எழும்புவது சொற்பம். வெறும் மண்ணாக இருந்தால் துளியோடு சேர்ந்து மண் துகளும் பறக்கும். மண்ணரிப்பை ஆராய்ந்தவர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள்: ஈர மண்ணில் மோதும் மழைத்துளி துகள்களை 60 செ.மீ. உயரத்துக்கும் ஒன்றரை மீட்டர் தொலைவுக்கும் எறியக்கூடியது. 60 செ.மீ. என்றால் இரண்டடி. வடக்குச் சுவரில் பார்த்த மண் புள்ளிகள் எங்கே முடிந்தனவோ ஏறத்தாழ அதே உயரம்.

நெல் விளைவிப்பவர்களுக்கு இந்தத் தெறிப்பு வேறு வழியில் பழக்கமானதுதான். பாக்டீரியா இலைக்கருகல் நோய் ஒரு வயலில் தூரிலிருந்து தூருக்குப் பரவுவது காற்றோடு வரும் மழையின் தெறிப்பில்தான். இலைக்கு நோயைக் கொண்டுபோகும் அதே சிறு துளிகள் சுவருக்கு மண்ணையும் உப்பையும் பாசி வித்துகளையும் கொண்டுபோகின்றன.

ஏன் குறிப்பாக வடக்குச் சுவர்? இதற்கான விடை காற்றிலும் வானத்திலும் இருக்கிறது. டெல்டாவின் பெருமழை வடகிழக்கிலிருந்து வருகிறது. சாரல் முகத்தில் அடிப்பது வடக்குச் சுவருக்கும் கிழக்குச் சுவருக்கும். நனைந்தது காய வேண்டுமே. தஞ்சாவூர் வடக்கு அட்சரேகை 10.8 பாகையில் இருக்கிறது. செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போனால் மார்ச் 21 வாக்கில்தான் திரும்புகிறது. இடைப்பட்ட ஆறு மாதமும் அது கிழக்குக்குத் தெற்கே உதித்து, தெற்குப் பக்கமாகவே நகர்ந்து, மேற்குக்குத் தெற்கே மறைகிறது. அந்த ஆறு மாதத்தில் வடக்குச் சுவரின் மேல் ஒரு நொடி கூட நேர் வெயில் படாது. கிழக்குச் சுவராவது காலை வெயிலில் காய்ந்துகொள்ளும். வடக்குச் சுவர் மழையை முழுதாக வாங்கிக்கொண்டு, வெயிலைத் துளியும் பார்க்காமல், பங்குனி வரை காத்திருக்கிறது. கொல்லைப்புறம் வடக்கே அமைந்த வீடு என்றால் பாத்திரம் தேய்க்கும் தண்ணீரும் துணி துவைக்கும் கல்லும் அதே சுவரின் அடியில்தான். இப்போது ஏ.சி. இயந்திரத்தின் சொட்டுக்குழாயும் அங்கேதான் வந்து நிற்கிறது. புது வீடு கட்டுகிறவர்கள் வாஸ்து பார்ப்பதோடு இந்த ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தெறிப்பு வெளியிலிருந்து வரும் தண்ணீர். இன்னொன்று அடியிலிருந்து ஏறுவது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, செங்கல்லின் நுண்துளைகள் வழியே மண்ணின் ஈரம் மேலே ஏறுகிறது. குழாய் எவ்வளவு குறுகலோ நீர் அவ்வளவு உயரம் ஏறும் என்ற விதியை 1718இல் ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதி வைத்தார். ஆரம் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏற்றம் ஒன்றரை சென்டிமீட்டர்; ஆரம் அதில் நூறில் ஒரு பங்கு என்றால் ஒன்றரை மீட்டர். செங்கல்லிலும் சுண்ணாம்புக் காரையிலும் இதைவிட நுண்ணிய துளைகளும் உண்டு. ஆனாலும் ஈரம் உத்தரம் வரை ஏறிவிடுவதில்லை. ஏறிக்கொண்டே போகும்போது சுவரின் முகத்திலிருந்து ஆவியாகிக்கொண்டும் இருக்கிறது. ஏறும் அளவும் ஆவியாகும் அளவும் சமமாகும் இடத்தில் ஈரம் நின்றுவிடும். அது பெரும்பாலும் இடுப்பு உயரத்துக்குள் அமைந்துவிடுகிறது.

டெல்டாவில் இந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டருக்கும் குறைவான உயரம். அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை வரை ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடச் சரிவில்லாத பூமி. விழுந்த தண்ணீர் ஓடி வடியாது, நின்று வடியும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததிலிருந்து, ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது என்பது பாசனத்தின் நாட்காட்டி. தண்ணீர் வரும் ஆண்டுகளில் குறுவை, சம்பா, தாளடி என்று வயல்கள் நீர் கட்டி நிற்கும். வயலுக்கு நடுவே இருக்கும் தெருவின் நிலத்தடி நீர் மட்டமும் கூடவே உயரும். பழைய டெல்டாவின் மண் களி. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். சுவரை ஒட்டிய களி வெடித்தால், அடுத்த மழையின் முதல் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக நேரே கடைக்காலுக்குப் போகும்.

இனி உப்பு. உண்மையில் சுவரைத் தின்பது தண்ணீர் அல்ல, தண்ணீர் சுமந்து வரும் உப்புதான். மண்ணிலும் செங்கல்லிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் சல்பேட்டும் குளோரைடும் கரைந்திருக்கின்றன. நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. ஆவியாகும் கோட்டில், அதாவது தொடை உயரத்தில், வருடா வருடம் அது சேர்ந்துகொண்டே போகும். சுவரின் வெளிமுகத்தில் பூத்தால் பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர அதிகம் கெடுதி இல்லை. பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் துளைக்குள், படிகமானால்தான் ஆபத்து.

சோடியம் சல்பேட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 32.4 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது நீரற்ற உப்பாகப் படியும். அதற்குக் கீழே குளிர்ந்து ஈரம் கிடைத்தால், மூலக்கூறு ஒன்றுக்குப் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்ட வேறொரு படிகமாக மாறும். இரண்டாவது படிகத்தின் கன அளவு முதலாவதைப் போல நான்கு மடங்குக்குச் சற்று அதிகம். தலைமுடியைவிட மெல்லிய துளைக்குள் நான்கு மடங்கு பருத்தால் செங்கல் தாங்குமா? 32.4 டிகிரி என்ற அந்த எல்லையை நம்மூர் வெயில் எத்தனை முறை தாண்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். மாசி பின்பாதியிலிருந்து பகலில் ஏறி இரவில் இறங்கி, நாள்தோறும் தாண்டுகிறது. கார்த்திகையில் குடித்த ஈரத்தின் விளைவு பங்குனியில்தான் பூச்சாகப் பெயர்ந்து விழுகிறது. வெயில் காலத்தில் விழுவதால் அதை மழையோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. 'பூச்சு சரியில்லை, சிமென்ட்டைக் குறைச்சுட்டாங்க' என்று கொத்தனார் மேல் பழி விழுகிறது.

வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரத்தில் சாப்பாட்டு உப்பே சுவருக்குள் இருக்கிறது. அதற்கு இன்னொரு குணம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். மழையே பெய்யாத மார்கழிக் காலையில் அந்த ஊர்ச் சுவர்கள் வியர்த்து நிற்பது இதனால்தான். குழாய் உடைந்திருக்கிறதோ என்று சுவரை உடைத்துத் தேடியவர்களை எனக்குத் தெரியும், தேடியது கிடைக்கவில்லை.

இப்போது நாம் செய்யும் வைத்தியத்துக்கு வருவோம். பூச்சு விழுந்த இடத்தைக் கொத்திவிட்டு, ஒன்றுக்கு மூன்று கலவையில் கெட்டியான சிமென்ட் பூச்சு, அதன் மேல் நீர்புகாத ரசாயனம் இரண்டு கோட். வசதி இருந்தால் மூன்றடி உயரத்துக்கு வெளியே டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டிவிடுவது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். வெளியிலிருந்து வரும் தெறிப்பை அது தடுக்கவும் செய்யும். ஆனால் அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்கு வெளியேறும் வழி அடைபட்டுவிடுகிறது. முன்பு தொடை உயரத்தில் ஆவியாகிக்கொண்டிருந்தது, இனி டைல்ஸுக்கு மேலே போய்த்தான் ஆவியாக முடியும். ஆகவே உப்புக் கோடு இரண்டடியிலிருந்து நான்கடிக்கு, ஜன்னல் அடிக்கு ஏறுகிறது. இல்லையென்றால் உள்பக்கம் திரும்பி, கட்டில் போட்டிருக்கும் சுவரில் பூக்கிறது. மூன்று வருடம் கழித்து மறுபடியும் கொத்தனாரைக் கூப்பிட்டால், 'ஓதம் மேல ஏறிடுச்சு சார், இன்னும் ரெண்டடி ஒட்டிருவோம்' என்பார். அவர் ஏமாற்றவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஈரம் ஏறுவதைத் தடுக்க வேண்டிய இடம் பேஸ்மட்டத்தின் தலை. சுவர் எழும்புவதற்கு முன்னால், அங்கே நீர்புகாத அடுக்கு ஒன்றை இடைவெளியில்லாமல் போட வேண்டும். கட்டி முடித்த பிறகு சுவரின் முகத்தில் பூசுவது அதற்கு ஈடாகாது.

பழைய வீடுகளில் இந்த அடுக்கு கிடையாது. ஆனால் தண்ணீரைச் சுவரிடம் வரவிடாமல் செய்யும் வேலை அங்கே நிறைய நடந்திருக்கிறது. டெல்டாவின் பழைய ஊர்கள் பெரும்பாலும் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று ஆற்றங்கரைகளின் மேட்டிலேயே இருக்கின்றன. வெள்ளம் வண்டலைக் கொட்டிக் கொட்டித் தானே உயர்த்திய மேடு அது. குளம் வெட்டிய மண்ணைக் கொட்டி மனையை இன்னும் உயர்த்தினார்கள். அதன் மேல் திண்ணை. திண்ணையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழிப்போக்கர் தங்கியதையும் ஊர்க்கதை பேசியதையும் சொல்வார்கள். கட்டடமாகப் பார்த்தால், வீட்டின் முக்கியச் சுவரை இறவாணத் துளி விழும் கோட்டிலிருந்து நான்கைந்து அடி பின்னுக்குத் தள்ளி வைத்த ஏற்பாடு அது. தெறிப்பு திண்ணையின் முகத்தில் படும், சுவருக்கு வராது. திண்ணையின் முகம் கெட்டால் சுவரைத் தொடாமல் அதை மட்டும் பூசிக்கொள்ளலாம். மண் வீடுகளில் சாணிப் பால் தெளித்து மெழுகியதும் இதே வேலையைத்தான் செய்தது. சாணத்தின் நார் மண்ணை வெடிக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். துளி அடித்துக் கரைப்பது அந்த மேல்தோலை மட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் மெழுகினால் தோல் புதிதாகிவிடும்.

கோயில்களுக்கு வருவோம். காவிரிப் படுகையில் கல் கிடையாது, வண்டல்தான். கருங்கல் ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அப்படியிருந்தும் சோழ அரசி செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டே போனார். 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயில் அந்தப் பெருவேலையின் உச்சம். கல் முழுவதற்கும் வழியில்லாத இடத்தில் என்ன செய்தார்கள் என்பதைக் கோபுரங்களில் பாருங்கள். கீழ்த்தளம் கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். பாரம் தாங்குவதற்காகவே முதலில் அப்படிச் செய்திருப்பார்கள். ஆனால் கல் அடியில் இருப்பதால் தெறிப்பும் ஓதமும் செங்கல்லைத் தொடுவதே இல்லை என்பதும் கண்ணெதிரே இருக்கிறது. அதிட்டானம் என்னும் அடிப்பீடத்தின் ஜகதி, குமுதம், பட்டிகை என்று வெளியே பிதுங்கியும் உள்ளே குழிந்தும் போகும் வரிகளில், சுவரில் வழியும் நீர் ஒவ்வொரு விளிம்பிலும் அறுந்து சொட்டுகிறது. சுவரின் தலையில் வளைந்து நீட்டியிருக்கும் கொடுங்கை மழையைச் சுவரிலிருந்து தள்ளி விடுகிறது. ஆவுடையார்கோயில் கொடுங்கையைச் சிற்பத்தின் அதிசயமாக மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம். மழைநாளில் போய்ப் பார்த்தால் அதற்கு என்ன வேலை என்பதும் புரியும்.

இதே கோயில்களில் ஒன்று எச்சரிக்கையாகவும் நிற்கிறது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், இரண்டாம் இராசராசன் காலத்தது, 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. சுற்றியுள்ள நிலமும் சாலையும் காலப்போக்கில் உயர்ந்துவிட்டதால் கோயில் பள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டது. பெருமழைக்கு அங்கே தண்ணீர் தேங்கி நிற்பது வாடிக்கை. நாயன்மார் வரலாற்றைச் சாண் அளவுச் சிற்பங்களாகச் சொல்லும் வரிசை கருவறைச் சுவரின் அடிப்பகுதியில்தான் ஓடுகிறது. சோழர் சிற்பிகளின் உளி அவ்வளவு நுட்பமாக இறங்கிய இடம், ஈரமும் உப்பும் எட்டும் உயரத்தில் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

தாராசுரத்துக்கு நேர்ந்ததுதான் நம் தெருக்களுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. பழைய தாரின் மேல் புதுத் தார், அதன் மேல் சிமென்ட். மூன்று படி ஏறி நுழைந்த வீடு, ஒரு படி இறங்கி நுழையும் வீடாகிவிட்டது. தெரு ஓரடி உயர்ந்தால் தெறிப்பும் ஓரடி உயர்கிறது. கல் பேஸ்மட்டத்தைத் தாண்டிச் செங்கல் சுவரில் அடிக்கிறது. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிய சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சாலை போட வருகிறவர்களிடம் இதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

மண் சுவர் வீடுகளில் இது பணச் செலவோடு நிற்பதில்லை. காய்ந்த மண் சுவரில், களித் துகள்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் சிறு நீர்ப்பாலங்களின் பரப்பு இழுவிசைதான் துகள்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. சுவர் முழுதாக நனைந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். அடியில் ஏற்கெனவே தெறிப்பு அரித்துச் சுவரை மெலிய வைத்திருக்கும். மேலே இருக்கும் எடையோ குறையவில்லை, நனைந்ததால் கூடியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஒவ்வோர் ஆண்டும் டெல்டாவில் மண் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இறந்த செய்தி வருகிறது. முதியவர்கள், குழந்தைகள். பெரும்பாலும் இரவில். அந்தச் சுவர்கள் பெரும்பாலும் எச்சரிக்கை கொடுக்காமல் விழுவதில்லை. சுவரின் அடி உள்வாங்கிக் குழிந்திருந்தால், தரையிலிருந்து மேலே போகும் புது வெடிப்பு தெரிந்தால், மழை நாளில் அந்தச் சுவரை ஒட்டி யாரும் படுக்கக் கூடாது. இதை ஊரில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்? ஜெர்மனியில் வீட்டைச் சுற்றி முப்பது முதல் ஐம்பது சென்டிமீட்டர் அகலத்துக்குக் கூழாங்கல் பட்டை போடுவது பழக்கம்; சுவரின் நீர்க்காப்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரம் வரை வருமாறு திட்டமிட வேண்டும் என்பது அங்குள்ள கட்டட விதி. தெறிப்பைக் குறைப்பதில் கூழாங்கல்லுக்கு இணை இல்லை. ஆனால் அதை அப்படியே கும்பகோணத்துக்குக் கொண்டுவந்தால் தவறாகிவிடும். களிமண்ணில் பள்ளம் பறித்து ஜல்லி நிரப்பினால் மழைநீர் அந்தப் பள்ளத்திலேயே, கடைக்காலை ஒட்டியே நிற்கும். நமக்கு முதலில் வேண்டியது சுவரைச் சுற்றி இரண்டரை, மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிந்த தளம். மூன்றடிக்கு ஓரங்குலம் வாட்டம் இருந்தால் போதும். தளமும் சுவரும் சேரும் இடத்தில் இடைவெளி இருக்கக் கூடாது. அதன் வெளி ஓரத்தில் வாய்க்கால். இறவாணத் துளி விழும் கோட்டில் மட்டும் அந்தத் தளத்தின் மேலேயே ஒரு கை அகலத்துக்கு ஜல்லியைப் பரப்பலாம். தெறிப்பும் அடங்கும், தண்ணீரும் ஜல்லிக்கு அடியில் சரிந்து ஓடிவிடும். மழைக்கு முன்னால் ஜல்லியில் சேர்ந்த மண்ணை அலசிவிட வேண்டும்.

சன்ஷேடின் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டங்குலம் உள்ளே, விரல் அகலத்துக்கு ஒரு காடி விடச் சொல்லுங்கள். விளிம்புக்கு வந்த நீர் பரப்பு இழுவிசையால் அடிப்பக்கம் திரும்பி ஒட்டிக்கொண்டே சுவர் வரை ஊர்ந்து போகும். காடி அந்த ஓட்டத்தை அறுத்துச் சொட்ட வைக்கும். பூச்சு ஈரமாக இருக்கும்போது ஒரு கம்பியை அழுத்தி இழுத்தால் முடிகிற வேலை. மொட்டை மாடித் தண்ணீரை அப்படியே கீழே கொட்டவிடாமல் குழாயைத் தரை வரை இறக்கி, மழைநீர்த் தொட்டிக்கோ வாய்க்காலுக்கோ விட வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரைப் பழுது பார்ப்பதாக இருந்தால் பங்குனி, சித்திரையில், சுவர் காய்ந்த பிறகு செய்யுங்கள். பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்; அது மீண்டும் கரைந்து உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் தேய்த்து, பெருக்கி, வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும். அடிப்பூச்சுக்கு மீண்டும் சுண்ணாம்பையே பயன்படுத்துவது நல்லது. ஈரத்தை வெளியே விட்டு, உப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு உதிர்வது சுண்ணாம்புப் பூச்சு. பத்து வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றினாலும் செங்கல் பிழைத்திருக்கும்.

2024ஆம் ஆண்டு தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம், 2030க்குள் கிராமங்களில் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித் தருவதை இலக்காக வைத்திருக்கிறது. வீடு ஒன்றுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். கீற்றுக் கொட்டகையில் தீக்கும் புயலுக்கும் பயந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு இது பெரிய விடுதலை. கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எத்தனை கூரைகள் பறந்தன என்பதைப் பார்த்தவர்கள் யாரும் குடிசைக்காக ஏங்க மாட்டார்கள். ஆனால் குடிசை ஒரு வேலையைச் சரியாகச் செய்தது. அதன் கூரை நான்கு பக்கமும் சுவரைத் தாண்டி இறங்கி, துளியைத் தாழ்வாகவும் தள்ளியும் விழ வைத்தது. சிறிய கான்கிரீட் வீட்டின் தட்டைக் கூரைக்கு அந்த நீட்டம் பெரும்பாலும் இல்லை. மழை சுவரின் முகத்திலேயே வழிந்து அடியில் சேர்கிறது. பதினெட்டடிக்கு இருபதடி வீடு என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 76 அடி. இரண்டரை அடி அகலச் சரிவுத் தளம் போட, மூலைகளையும் சேர்த்து 215 சதுர அடிப் பரப்புக்குக் கலவை வேண்டும். கூரைத் தளத்தைப் போடும்போதே நான்கு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டி, அடியில் காடி விட்டுவிடலாம். இந்த இரண்டையும் அந்த வீடுகளின் வரைபடத்திலும் மதிப்பீட்டிலும் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் வடக்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்குமாவது.